ஃபேன்டஸி கிரிக்கெட் சூதாட்டமா, திறன் விளையாட்டா: 2025 அக்டோபரில் இருந்த சட்ட நிலையும் இனி நடக்கக்கூடியதும்

கேள்வி: சாத்தூரான் (அக்டோபர் 2025)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். சில ஐ.பி.எல். பருவங்களாகவே கைப்பேசியில் ஃபேன்டஸி கிரிக்கெட் (நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்களின் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறுவது) அணி போட்டுப் பணம் கட்டி ஆடிவந்தான். நான் கண்டித்தபோதெல்லாம், "இது சூதாட்டம் இல்லை மாமா, திறன் விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று பதில் சொல்வான். கிரிக்கெட் வீரர்களே தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார்கள். இந்திய அணியின் சட்டையிலேயே அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதனால் என்னால் மேலே எதுவும் வாதாட முடியவில்லை.

கடந்த ஆகஸ்டு மாதத்தில் அந்தச் செயலிகள் பணம் கட்டும் போட்டிகளை ஒரே நாளில் நிறுத்திவிட்டன. நான் நிம்மதி அடைந்த சில வாரங்களிலேயே, டெலிகிராம் குழு ஒன்றில் வெளிநாட்டுத் தளம் ஒன்றின் இணைப்பு வந்திருப்பதாகவும், அங்கே வழக்கம்போல ஆடலாம் என்றும் அவன் பேசத் தொடங்கியிருக்கிறான்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. அவன் சொன்னதுபோல் இது உண்மையிலேயே சட்டப்படி சரியாக இருந்ததா என்று முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தமிழ்நாட்டில் ரம்மிக்குத் தடை வந்தபோது ஃபேன்டஸி மட்டும் எப்படித் தப்பியது? இப்போது ஆடுபவனுக்குத் தண்டனை உண்டா? அந்தப் போட்டிகள் மீண்டும் வருமா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கிண்டி வழக்குரைஞர்

உங்கள் அக்காள் மகன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆகஸ்டில் முறிந்தது.

இந்த வாதத்தின் வேர் ஃபேன்டஸியைவிட மிகப் பழையது. பரிசுப் போட்டிகள் தொடர்பான சமர்பாக்வாலா வழக்குகளில் 1957-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டது: வெற்றி பெருமளவு திறனைச் சார்ந்திருந்தால் அது சூதாட்டம் ஆகாது, அத்தகைய போட்டியை நடத்துவது அரசியலமைப்பு பாதுகாக்கும் தொழிலாகவே கருதப்படும். ஆந்திர மாநிலம் தொடர்ந்த சத்தியநாராயணா வழக்கில் 1967-ல் வந்த தீர்ப்பு, ரம்மி முதன்மையாகத் திறன் விளையாட்டு என்றது. அதே தீர்ப்பில், பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து ஆட்டம் நடக்கும் கிளப்பின் உரிமையாளர் ஆதாயம் அடைந்தால் அது குற்றமாகலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. ரம்மி நிறுவனங்களின் விளம்பரங்கள் இந்தத் தீர்ப்பின் முதல் பகுதியை மேற்கோள் காட்டிய அளவுக்கு இரண்டாம் பகுதியைக் காட்டியதில்லை.

அடுத்த படி நம் சென்னையிலேயே நடந்தது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-ல் சட்டம் இயற்றியது. 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பை அரசுடைமையாக்கவும் சட்டம் வந்தது. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்று, லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்காக 1996-ல் முடிந்தது. குதிரையின் மரபு, பயிற்சி, ஓட்டுபவரின் திறமை, ஓடுதளம் ஆகியவற்றை எடைபோட்டுப் பந்தயம் கட்டுவதில் திறனே மேலோங்கியிருக்கிறது என்று நீதிமன்றம் கூறியது. பணம் கட்டுபவர் குதிரை ஓட்டுவதில்லை, மற்றொருவரின் ஆட்டத்தைக் கணிக்கிறார். அந்தக் கணிப்பும் திறன்தான் என்பதே அந்தத் தீர்ப்பின் உட்கருத்து. ஃபேன்டஸி கிரிக்கெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடைத்திருக்காது.

2017 ஏப்ரலில் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் ட்ரீம் லெவன் என்ற ஃபேன்டஸி செயலி பற்றிய வழக்கில் அந்த வழியில்தான் சென்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர் அந்தச் செயலியில் பணம் இழந்த ஒருவர்தான். பின்னர் 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2020-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றமும் அதே கருத்தைத் தெரிவித்தன. இவற்றுக்கு எதிராகச் சென்ற மனுக்களில் சிலவற்றை உச்ச நீதிமன்றம் 2017-லும் 2021-லும் தள்ளுபடி செய்தது. "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று உங்கள் பிள்ளை சொன்னது இதைத்தான். ஃபேன்டஸி கிரிக்கெட்டின் தன்மையை அலசி ஆராய்ந்து உச்ச நீதிமன்றம் எழுதிய விரிவான தீர்ப்பு எதுவும் அப்போது இல்லை. மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்வதும், கேள்விக்குத் தானே காரணங்களோடு விடை எழுதுவதும் சட்டத்தின் பார்வையில் ஒரே எடையுள்ளவை அல்ல.

அப்போதும்கூட நாடு முழுவதும் ஒரே நிலை இருக்கவில்லை. தெலங்கானா 2017-லும் ஆந்திரப் பிரதேசம் 2020-லும் தங்கள் சட்டங்களைத் திருத்திப் பணம் கட்டும் ஆட்டங்களை விலக்கிவிட்டன. அசாமிலும் ஒடிசாவிலும் பழைய சட்டங்களிலேயே திறன் விளையாட்டுக்கான விதிவிலக்கு இல்லை. இந்த மாநிலங்களில் இருப்பவர்கள் பணம் கட்டி ஆட இயலாது என்று விளம்பரத்தின் கடைசியில் மின்னல் வேகத்தில் ஒரு குரல் படித்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

இனி தமிழ்நாடு. 2020 நவம்பரில் அவசரச் சட்டமாகவும் 2021-ல் சட்டத்திருத்தமாகவும் வந்த முதல் தடை, திறன் விளையாட்டாக இருந்தாலும் பணயம் வைத்தால் குற்றம் என்றது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டு 3 அன்று ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2022 அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம் வந்தது. பேரவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் அது 2022-ஆம் ஆண்டுச் சட்டம் என்ற பெயரிலேயே சட்டமானது. இந்தச் சட்டத்தின் அட்டவணையில் வாய்ப்பு விளையாட்டுகளாகப் பெயர் குறிக்கப்பட்டவை ரம்மியும் போக்கர் என்ற சீட்டாட்டமும் மட்டுமே. தற்கொலைச் செய்திகள் ரம்மியைச் சுற்றியே வந்ததால் அரசின் கவனமும் அங்கேயே நின்றது. ஃபேன்டஸி தப்பியது யாரும் அதை ஆராய்ந்து நற்சான்று கொடுத்ததால் அல்ல; அட்டவணையில் அதன் பெயர் எழுதப்படாததால்தான். 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் சேர்த்த அந்த அட்டவணையை மட்டும் செல்லாது என்றது.

இவை அனைத்துக்கும் மேலாக வந்ததுதான் நாடாளுமன்றத்தின் 2025-ஆம் ஆண்டு இணையவழி விளையாட்டுகள் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். ஆகஸ்டு 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறனா வாய்ப்பா என்று நாம் எழுபது ஆண்டுகளாக நடத்திய விவாதத்தை அது ஒரே வரையறையில் கடந்துவிட்டது. திறன் சார்ந்ததாக இருந்தாலும், வாய்ப்பு சார்ந்ததாக இருந்தாலும், இரண்டும் கலந்ததாக இருந்தாலும், பணத்தையோ பணத்துக்கு நிகரான ஒன்றையோ கட்டி, பதிலுக்குப் பண ஆதாயத்தை எதிர்பார்த்து ஆடினால் அது "இணையவழிப் பண விளையாட்டு". அதை வழங்குவது குற்றம். மின் விளையாட்டுப் போட்டிகளுக்கு (இ-ஸ்போர்ட்ஸ்) மட்டும் விலக்கு உண்டு. காசை நேரடியாக வாங்காமல் நாணயம், டோக்கன் என்று பெயர் மாற்றி விற்றாலும் வரையறைக்குள் வந்துவிடும்.

ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. வழங்குபவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டாண்டு, ஐம்பது லட்சம். பணப் பரிமாற்றத்துக்கு வழிசெய்யும் வங்கி அல்லது கட்டணச் சேவைக்கு மீண்டும் மூன்றாண்டு, ஒரு கோடி. சட்டம் நடைமுறைக்கு வரும் நாளை அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் விடப்பட்டிருந்தாலும், ஒப்புதல் கிடைத்த உடனேயே நிறுவனங்கள் கடையை மூடியதற்குக் காரணம் இந்தக் கடைசிப் பிரிவுதான் என்பது என் கருத்து. பணம் வரும் வழி அடைபட்டபின் திறந்து வைத்து என்ன பயன்?

பதில்: புள்ளியியல் ஆசிரியர்

வழக்குரைஞர் ஐயா சட்டத்தின் பக்கத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறார். "திறன்" என்ற அந்த வாதத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி நான் கொஞ்சம் பேச விரும்புகிறேன். ஏனென்றால் என் கல்லூரி மாணவர்களிடம் இதே வாதத்தை நானும் அடிக்கடி கேட்கிறேன்.

இரு அணிகளின் ஆட்டக்காரர்களிலிருந்து, கொடுக்கப்பட்ட நூறு புள்ளி மதிப்புக்குள் பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவராகக் குறிக்கப்படுபவரின் புள்ளிகள் இரண்டு மடங்காகும், துணைத் தலைவருக்கு ஒன்றரை மடங்காகும். சேப்பாக்கத்தில் பந்து சுழலுமா, இரண்டாவதாக ஆடும்போது பனி விழுமா, இடக்கை மட்டையாளருக்கு எதிராக யார் பந்து வீசுவார் என்பதையெல்லாம் அறிந்தவர், பெயரைக் கேட்டு மட்டும் அணி போடுபவரைவிட நீண்ட காலத்தில் நிச்சயமாக முன்னால் இருப்பார். இதில் திறன் இருக்கிறது என்று நீதிமன்றங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் முதல் பந்திலேயே தலைவர் ஆட்டமிழந்து போகலாம். நூற்றுக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் திறனின் பங்கு தெரியவரும்.

ஆனால் இந்த வாதம் எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று பாருங்கள். ஓர் ஆட்டத்தில் திறனின் பங்கு எவ்வளவு அதிகம் என்று நிறுவனம் நீதிமன்றத்தில் நிரூபிக்கிறதோ, அந்த அளவுக்குத் திறன் குறைந்தவர் தொடர்ந்து தோற்பார் என்பதையும் அது நிரூபித்துவிடுகிறது. சதுரங்கத்தில் தெருப்பையன் ஒருவன் உலக வீரரோடு பணம் வைத்து ஆடமாட்டான். ஃபேன்டஸியில் எதிரில் இருப்பவர் யார் என்பதே தெரியாது. லட்சக்கணக்கான பேர் சேரும் பெரும்போட்டியில், கணினி நிரலின் உதவியோடு பல அணிகளை ஒரே நேரத்தில் நுழைப்பவரும், அச்சகத்தில் வேலை முடிந்து பேருந்தில் வரும்போது ஒரே ஓர் அணியைப் போடுபவரும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள்.

கணக்காகப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. நூறு பேர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் கட்டினால் 5,000 ரூபாய் சேரும். நிறுவனம் நூற்றுக்கு பதினைந்து எடுத்துக்கொண்டால் பரிசுத் தொகை 4,250. நூறு பேரும் சமத் திறன் உடையவர்களாக இருந்தாலும், சராசரியாக ஒவ்வொருவரும் ஒரு போட்டிக்கு ஏழரை ரூபாயை இழக்கிறார்கள். சமத் திறன் இல்லையென்றால், அந்த இழப்பு கீழே இருப்பவர்கள் மேல் கூடுதலாக விழும். வாரத்துக்கு ஏழெட்டு ஆட்டங்கள், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பல போட்டிகள் என்று பெருக்கிப் பார்த்தால் ஒரு பருவத்தில் என்ன ஆகும் என்பதை உங்கள் மருமகனே காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். தன் வங்கிக் கணக்கு அறிக்கையில் செயலிக்குப் போனதையும் செயலியிலிருந்து வந்ததையும் தனித்தனியாகக் கூட்டச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

பதில்: முன்னாள் ஊழியன்

எதிர்க் கருத்து ஒன்றும் இங்கே பதிவாக வேண்டும். நான் இத்துறையில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பிரிவில் வேலை பார்த்தேன்; ஆகஸ்டு முடிவதற்குள் எங்கள் பிரிவே கலைக்கப்பட்டுவிட்டது. ஆகவே நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

உயர் நீதிமன்றங்கள் சட்டப்படி சரி என்று சொன்ன ஒரு தொழில், வரி கட்டி, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்து வந்தது. கிரிக்கெட்டுக்கே அது எவ்வளவு பணத்தைக் கொண்டுவந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2020-ல் ஐ.பி.எல். தொடரின் பெயரோடு தன் பெயரைச் சேர்க்கும் விளம்பர உரிமைக்கு (டைட்டில் ஸ்பான்சர்) மட்டும் ட்ரீம் லெவன் 222 கோடி ரூபாய் கொடுத்தது. 2023-ல் இந்திய அணியின் சட்டைக்கு மூன்றாண்டுகளுக்கு 358 கோடிக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தமும் ஆகஸ்டில் பாதியில் நின்று, ஆசியக் கோப்பையில் நம் அணி விளம்பரதாரர் பெயரே இல்லாத சட்டையோடு ஆடியது. இத்தனை பெரிய மாற்றத்தைச் செய்யும் மசோதாவை, நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பாமல், இரண்டே நாட்களில் இரு அவைகளிலும் நிறைவேற்றியது முறைதானா?

ஒழுங்குமுறை என்ற நடுவழி இருந்தது. 2023 ஏப்ரலில் மத்திய அரசே தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தன்னொழுங்கு அமைப்புகள் மூலம் எந்த ஆட்டத்தை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் ஏற்பாட்டை அறிவித்தது. அந்த அமைப்புகள் கடைசிவரை அமைக்கப்படவே இல்லை. தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிமுறைகளைப் பாருங்கள்: பதினெட்டு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, ஆதார் வழி சரிபார்ப்பு, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆட முடியாது, தொடர்ந்து ஒரு மணி நேரம் ஆடினால் திரையில் எச்சரிக்கை. நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன என்பது உண்மைதான். சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் அந்த விதிமுறைகள் செல்லும் என்றது. அந்த முறை பலன் தருகிறதா என்று பார்க்க மூன்று மாதம்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது நடப்பது என்ன? சாத்தூரான் அவர்களின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. முகவரி உள்ள, வரி கட்டுகிற, புகார் சொல்ல ஆள் இருக்கிற நிறுவனம் போய்விட்டது; டெலிகிராம் இணைப்பு வந்திருக்கிறது.

பதில்: கிண்டி வழக்குரைஞர்

நண்பர் கேட்கும் கேள்வி நியாயமானது. நீதிமன்றத்திலும் அதுதான் இப்போது கேட்கப்படுகிறது. கர்நாடகம், டெல்லி, மத்தியப் பிரதேசம் ஆகிய உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது. அங்கே இரண்டு கேள்விகள் முக்கியமானவை.

முதலாவது, நாடாளுமன்றத்துக்கு இந்த அதிகாரம் உண்டா என்பது. "பந்தயமும் சூதாட்டமும்" என்ற பொருள் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34-ஆவது இனமாக இருக்கிறது. மத்திய அரசோ, எல்லை தாண்டி இயங்கும் இணையப் பணப் பரிமாற்றம், தகவல் தொடர்பு, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகியவை தன் பட்டியலில் இருக்கின்றன என்று வாதிடலாம். இதில் ஒரு சுவையான சிக்கல் இருக்கிறது. தங்கள் ஆட்டம் சூதாட்டமே அல்ல என்பதுதான் நிறுவனங்களின் நிலைப்பாடு. அப்படியானால் அது 34-ஆவது இனத்துக்குள் வராது. வராவிட்டால் மாநிலங்களுக்கு மட்டுமே அதிகாரம் என்று அவர்கள் வாதிடுவதும் கடினமாகும். 2021-லும் 2023-லும் தமிழ்நாட்டுக்கு எதிராக அவர்கள் ஏந்திய அதே வாள், டெல்லிக்கு எதிராக ஏந்தும்போது கைப்பிடி பக்கம் கூராக இருக்கிறது.

இரண்டாவது, தொழில் செய்யும் உரிமை. திறன் விளையாட்டை நடத்துவது அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவின்கீழ் பாதுகாக்கப்பட்ட தொழில் என்பது 1957 முதல் நிற்கும் நிலை. அதன்மேல் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். முழுத் தடை நியாயமான கட்டுப்பாடு ஆகுமா, ஒழுங்குமுறை போதாது என்பதற்கு அரசிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று நீதிமன்றம் கேட்கும். ஆண்டுக்கு சுமார் 45 கோடிப் பேர் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்ற மதிப்பீட்டை அரசு முன்வைத்திருக்கிறது. அந்த எண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதும் விசாரணையில் சோதிக்கப்பட வேண்டியது.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும், பழைய நிலை அப்படியே திரும்பி வராது என்றே நினைக்கிறேன். சட்டம் செல்லும் என்றால், கட்டணமில்லாமல் ஆடவிட்டு விளம்பரத்தில் சம்பாதிப்பது அல்லது பணயமாக இல்லாத சந்தாவை வாங்குவது என்ற வழிகளே மிஞ்சும்; இப்போதே பெரிய செயலிகள் கட்டணமில்லாப் போட்டிகளுக்கு மாறிவிட்டன. செல்லாது என்றாலும், மாநிலங்கள் தமிழ்நாட்டைப்போல நேரக் கட்டுப்பாடும் தொகை வரம்பும் விதிக்கும் உரிமையோடு காத்திருக்கின்றன. அதற்கு மேல் வரி என்ற சுவர் இருக்கிறது. அதைப் பற்றி அத்துறையில் இருப்பவர் சொல்வது நல்லது.

பதில்: வரி ஆலோசகர்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. நிறுவனத்தின் கமிஷன்மேல் அல்லாமல் ஆடுபவர் கட்டும் முழுத் தொகைமேல் 28 விழுக்காடாக விதிக்கப்பட்டது. நூறு ரூபாய் கட்டினால் வரி போக ஏறத்தாழ 78 ரூபாய்தான் ஆட்டத்துக்குச் செல்லும். சில நிறுவனங்கள் அந்த வித்தியாசத்தை போனஸாகத் திருப்பிக் கொடுத்து ஆட்களைத் தக்கவைத்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வீதம் 40 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. தடைசெய்யப்பட்ட ஒன்றுக்கு வரி உயர்வு எதற்கு என்று பலர் கேட்டார்கள், ஆனால் வழக்கில் சட்டம் விழுந்தால் இந்த வீதம் காத்துக்கொண்டிருக்கும். 2023-க்கு முந்தைய காலத்துக்கும் முழுத் தொகைமேல் வரி கேட்ட வழக்குகள் வேறு உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. பெங்களூருவின் ஒரு ரம்மி நிறுவனத்துக்கு மட்டும் ஏறத்தாழ 21,000 கோடிக்கு நோட்டீஸ் போனது.

உங்கள் அக்காள் மகனுக்கு நேரடியாகத் தேவைப்படுவது வருமான வரி விவரம். 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றித் தொகைக்கு 30 விழுக்காடு பிடித்தம் உண்டு. கீழ் வரம்பு எதுவும் இல்லை. ஆண்டில் வெளியே எடுத்த தொகையையும் ஆண்டு முடிவில் செயலியில் இருந்த இருப்பையும் கூட்டி, அதிலிருந்து கட்டிய தொகையையும் ஆண்டுத் தொடக்க இருப்பையும் கழித்தால் வருவதுதான் நிகர வெற்றி. அவருடைய மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்புக்குள் இருந்தாலும் இந்தத் தொகைக்குத் தனி வீதத்தில் வரி உண்டு. இழப்பைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வருமான வரித் துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் இந்தப் பிடித்தம் தெரியும். அப்படித் தெரிந்தால் வருமான வரிக் கணக்குக்கான எளிய சகஜ் படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது. 2024–25 நிதியாண்டுக்கு அவர் இன்னும் கணக்குத் தாக்கல் செய்யவில்லையென்றால், தாமதக் கட்டணத்தோடு 2025 டிசம்பர் 31 வரை செய்யலாம்.

பதில்: ஹட்சன் கரையோரம்

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். இங்கே இதே கதை வேறு முடிவை நோக்கிப் போனது என்பதால் எழுதுகிறேன். அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டின் இணையச் சூதாட்டச் சட்டம் ஃபேன்டஸிக்கு விலக்கு கொடுத்தது. அந்த விலக்கின் நிழலில்தான் நாள்தோறும் நடக்கும் ஃபேன்டஸி போட்டிகள் வளர்ந்தன. நியூயார்க்கின் தலைமை வழக்குரைஞர் 2015-ல் இது சூதாட்டம் என்று நிறுத்தச் சொன்னார்; 2016-ல் மாநிலச் சட்டமன்றம் உரிமம் கொடுத்து அனுமதித்தது; 2022-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்த அனுமதி செல்லும் என்றது. இதற்கிடையே 2018 மே மாதம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நாட்டின் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதன்பின், ஃபேன்டஸி சூதாட்டமே அல்ல என்று வாதாடிய டிராஃப்ட்கிங்ஸும் ஃபேன்டூயலும் நாட்டின் மிகப்பெரிய பந்தய நிறுவனங்களாக மாறின. ஃபேன்டஸி மூலம் சேர்த்த வாடிக்கையாளர் பட்டியலே அவர்களுக்கு முதலீடு ஆனது. இந்தியாவில் ஒழுங்குமுறை வழி திறக்கப்பட்டால், இந்த அடுத்த கட்டத்தையும் சட்டம் எழுதுபவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

சாத்தூரான்

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மிக்க நன்றி. புள்ளியியல் ஆசிரியர் சொன்னபடி வங்கி அறிக்கையை எடுத்துக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். அவசரமாக ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை என்று வழக்குரைஞர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் வெளிநாட்டுத் தளத்தில் ஆடினால் எனக்கு என்ன?" என்று கேட்கிறான். அந்தத் தளத்தில் பணம் கட்ட, யாரோ ஒரு தனிநபரின் யு.பி.ஐ. முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: கிண்டி வழக்குரைஞர்

அந்தத் தனிநபர் முகவரிதான் ஆபத்து. மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை என்பதற்கு, வேறு எந்தச் சட்டமும் அவரைத் தொடாது என்று பொருள் இல்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இணையவழிச் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. வெளிநாட்டுத் தளங்களில் பெரும்பாலும் ஃபேன்டஸியோடு நேரடிப் பந்தயமும் சுழல்சக்கர ஆட்டங்களும் சேர்ந்தே இருக்கும். அந்நியச் செலாவணி விதிகளின்படி லாட்டரிச் சீட்டு, கால்பந்துப் பந்தயக் குலுக்கல் போன்றவற்றுக்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதும் 2000-ஆம் ஆண்டிலிருந்தே தடைசெய்யப்பட்டது. அதனால்தான் இந்தத் தளங்கள் வெளிப்படையாகப் பணம் வாங்காமல், கமிஷனுக்கு வாடகைக்கு எடுத்த தனிநபர் கணக்குகள் வழியாக வாங்குகின்றன.

அந்த வாடகைக் கணக்குகளில் இணைய மோசடியில் திருடப்பட்ட பணமும் ஓடும். எங்கோ ஒரு மாநிலத்தில் ஒருவர் புகார் கொடுத்தால், அந்தக் கணக்கோடு பரிமாற்றம் வைத்திருந்த மற்றக் கணக்குகளும் முடக்கப்படுகின்றன. அவன் ஜெயித்து வந்த இரண்டாயிரம் ரூபாய்க்காக அச்சகத்துச் சம்பளம் வரும் கணக்கு முடங்கினால், முன்பின் தெரியாத ஊரின் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இத்தகைய வழக்குகளோடு என் அலுவலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கும் பையன்கள்.

அவனிடம் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். பழைய செயலியில் இருப்பு ஏதும் மிச்சம் இருந்தால், அதை எடுக்க நிறுவனங்கள் வழிவிட்டிருக்கின்றன. உடனே வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, பரிமாற்ற அறிக்கையைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளட்டும். வரி ஆலோசகர் சொன்ன கணக்குக்கு அது தேவைப்படும். டெலிகிராம் தளத்துக்கு ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் உடனே புகார் பதிவு செய்யட்டும்; தாமதித்தால் அந்தப் பணம் நாலைந்து கணக்குகளைத் தாண்டிப் போயிருக்கும். அந்தக் குழுவில் யாரேனும், "உன் வங்கிக் கணக்கை மாதம் இவ்வளவு வாடகைக்குக் கொடு" என்று கேட்டால் எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்க வேண்டாம். கணக்கு கொடுத்தவர் ஆடுபவர் என்ற பாதுகாப்பை இழந்து, பணப் பரிமாற்றத்துக்கு வழிசெய்தவர் என்ற இடத்துக்கு வந்துவிடுவார். மூன்றாண்டுச் சிறை என்று நான் மேலே எழுதிய பிரிவு அவர்மேல் பாயக்கூடும்.